கடல் தாண்டிய கதவு

எங்கள் சிலோவே தீவில் வீடு மாறுகிறோம் என்றால், பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக மாட்டோம். வீட்டையே இழுத்துக்கொண்டு போவோம். மரவீடுதானே. அடியில் உருட்டுக் கட்டைகளைக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து இழுக்கும். நடுவில் கடல் வந்தால் கடலிலும் இழுக்கும்.

இந்த மார்ச் மாதம் எங்கள் வீட்டின் முறை.

எங்கள் வீடு கரைமேட்டின் ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் அந்த மேட்டை ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். போன வருடம் கோழிக்கூடு போனது. அடுத்தது சமையலறைதான். அதனால் எதிர்க்கரையில் இருக்கும் சித்தப்பாவின் நிலத்துக்குப் போகிறோம், வீட்டோடு.

அன்று காலையில் வேலிப் பக்கம் இரண்டு வெள்ளைச் சட்டைகள் வந்து நின்றன. ஃபினாவ் அண்ணனும் ஹேன்சன் அண்ணனும். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. தங்கள் சபையின் மிஷனரிகளாக ரொம்பத் தொலைவிலிருந்து வந்தவர்கள். ஹேன்சன் அண்ணன் ஒல்லி, எப்போதும் கையில் ஒரு விதிப்புத்தகம். ஃபினாவ் அண்ணன் டோங்கா என்ற தீவுக்காரர். எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். நுழைந்தால்தானே.

தினமும் காலையில் புத்தகத்தைப் பார்த்து எங்கள் ஸ்பானிஷ் மொழியைப் படிப்பார்கள். பிறகு சேற்றில் நடந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, கடவுளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் திட்ட மாட்டார்கள். "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்று சிரித்துவிட்டு, சத்தமே வராமல் கதவைச் சாத்திவிடுவார்கள். ஃபினாவ் அண்ணன் அதை நம்பி நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமைக்கு மட்டும் பதினோரு வீடு இருந்தது.

ஐந்து மாதத்தில் ஒருவர்கூட "உள்ள வாங்க" என்று சொன்னதில்லை. நாங்களும்தான்.

"ஏதாவது வேலை இருக்கா?" என்று ஃபினாவ் அண்ணன் அப்பாவிடம் கேட்டார்.

"வேணாம் தம்பி. சட்டை அழுக்காயிடும்."

"இன்னொரு சட்டை இருக்கு."

"அதுவும் வெள்ளைதானே," என்றார் அப்பா. ஃபினாவ் அண்ணன் தலையாட்டிவிட்டு வேலியிலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

எட்டு ஜோடி மாடுகள் வீட்டைச் சரிவில் இறக்கி, கடற்கரைச் சேற்றில் கொண்டுவந்து வைத்தன. சுற்றிலும் காலிப் பீப்பாய்களைக் கட்டினார்கள். கடல் ஏறுவதற்காகக் காத்திருந்தோம். தண்ணீர் மெதுவாக வந்து எங்கள் வாசற்படியை நக்கியது.

இனி, முன்னால் ஆறு படகுகள் இழுக்க வேண்டும். பின்னால் நாற்பது பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தள்ள வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால்தான் வீடு சேற்றை விட்டு எழும்பும். அதற்காக மாடி ஜன்னலில் நின்று ஒருவர் சத்தம் கொடுப்பார். எங்கள் ஊரில் எப்போதும் அர்தேமியோ மாமாதான்.

மாமாவுக்கு மூன்று நாளாக ஜலதோஷம். "ஒண்ணு... ரெண்டு..." என்றார். நனைந்த பூனை கூப்பிடுவது போல இருந்தது. காற்றில் படகுக்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இழுக்கும்போது பின்னால் தள்ளுகிறவர்கள் மூச்சு வாங்கினார்கள். இவர்கள் தள்ளும்போது அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, பேசாம விசிலடிங்க," என்று ஒருவர் கத்தினார்.

"அடிச்சுட்டுத்தான்டா இருக்கேன்," என்றார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் உச்சத்தில் அரைமணி நேரம்தான் நிற்கும். அது இறங்க ஆரம்பித்தால் வீடு சேற்றில் சாய்ந்து, நடு உத்தரம் முறிந்துவிடும். அம்மா கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபினாவ் அண்ணன் நடக்கும்போது பாடுவார். அவர் பாடினால் எங்கள் டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடம் இருப்பது அடுத்த குன்றில்.

ஓடினேன். "அண்ணே, மாடில ஏறி நீங்க சத்தம் குடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. ஹேன்சன் அண்ணன்தான் பேசினார். "முடியாது எல்பா. நாங்க கடல்ல இறங்கக் கூடாது. ரெண்டு வருஷத்துக்கு நீச்சல் கிடையாது. அதான் விதி."

"நான் நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே நீந்தினவன்," என்றார் ஃபினாவ் அண்ணன், கடலைப் பார்த்தபடி.

"யாரு நீந்தச் சொன்னா? எங்க வீட்டு மாடில நிக்கத்தான் சொல்றேன்."

"அது கடல்ல இருக்கே," என்றார் ஹேன்சன் அண்ணன்.

"அது என்ன, படகா?"

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இல்ல... வீடு."

"வீடு வீடா போறதுதானே உங்க வேலை? எங்க வீட்டுக்கு வர மாட்டீங்களா?"

அவர் புத்தகத்தை மூடினார். இந்த மாதிரி வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. "ஆனா தனியா அனுப்ப முடியாது. நாங்க எப்பவும் ரெண்டு பேராத்தான் போகணும்," என்றார்.

"மாடில ரெண்டு ஜன்னல் இருக்கு," என்றேன்.

மாட்டு வண்டியைத் தண்ணீருக்குள் ஓட்டி, இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, மாமாவை ஏற்றி வந்தோம். சட்டையும் நனையவில்லை, விதியும் உடையவில்லை. வீடு ஆடும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

மாடி ஜன்னலில் ஃபினாவ் அண்ணனின் தலை தெரிந்தது. மூச்சை இழுத்தார். அவர் தீவில் பெரிய படகுகளை இழுக்கும்போது போடும் சத்தமாம் அது. என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் எப்போது இழுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. மாடுகளுக்குக்கூடப் புரிந்து, கரையில் சும்மா நின்றவை ஓர் அடி முன்னால் வைத்தன.

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை, சேறு பெரிதாக ஒரு முத்தம் கொடுத்து எங்கள் வீட்டை விட்டது.

வீடு மிதந்தது.

நாற்பது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் பிறந்த வீடு. என் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கும் சுவர். எங்கள் மஞ்சள் வாசல். எல்லாம் தண்ணீர் மேல் மெல்லத் திரும்பி, கடலைப் பார்த்துக் கிளம்பியது. நானும் அப்பா, அம்மா, மாமாவும் ஒரு படகில் ஏறி அதன் கூடவே போனோம். கடற்பறவைகள் கூரையில் வந்து உட்கார்ந்தன. ஃபினாவ் அண்ணன் இப்போது பாட ஆரம்பித்திருந்தார். துடுப்புகள் அந்தப் பாட்டுக்கு ஏறி இறங்கின. படகில் என் பக்கத்திலிருந்த அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

எதிர்க்கரையில் சித்தப்பாவின் மாடுகள் வீட்டை மேட்டுக்கு இழுத்து வைத்தன. ஊர் வழக்கப்படி வீட்டுக்காரர்கள்தான் முதலில் உள்ளே போக வேண்டும். அப்பா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

"தாழ்ப்பாள் போட்டிருக்குப்பா," என்றேன். "தட்டணும்."

அப்பா என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார்.

உள்ளே காலடிச் சத்தம். கதவு திறந்தது. ஃபினாவ் அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார். நோட்டை எடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அடுத்த வாரம் வாங்க," என்று சொல்லிவிட்டு, சத்தமே வராமல் கதவைச் சாத்த ஆரம்பித்தார்.

முதலில் அர்தேமியோ மாமாதான் சிரித்தார், சத்தமே வராமல். பிறகு அம்மா. பிறகு அப்பா சிரித்த சிரிப்பு கடலைத் தாண்டிப் பழைய கரைக்கே கேட்டிருக்கும்.

ஆனால் கதவு முழுதாகச் சாத்த வரவில்லை. கடல்தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. ஃபினாவ் அண்ணன் அதை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க."

"நீங்களும் வெளிய போயிடாதீங்க," என்றார் அப்பா. "சாப்பிட்டுட்டுப் பேசலாம். எவ்வளவு நேரம் வேணாலும்."

அந்தக் கதவு இன்னும் சரியாகவில்லை. சாத்தினால் கிறீச் என்று ஊருக்கே கேட்கும். அதனால் நாங்கள் பெரும்பாலும் அதைச் சாத்துவதில்லை.