ஒரு ஜோடி ஷூ... ஒரு முழுப் பன்றி!

வீல்!

சமோவாக்காரர்கள் நிறைந்த மாங்கெரேயின் அந்தச் சந்தில் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்தின.

அலறியது மசினா. பஸ் ஓட்டுபவள். ஓடும் பஸ்ஸில் கத்தி உருவியவனையே, "டிக்கெட் எடுத்துட்டுக் குத்து" என்று உட்கார வைத்தவள்! அப்படிப்பட்டவள் மகனின் கட்டிலுக்கடியில் எதைப் பார்த்து அலறினாள்?

ஒரு ஜோடி சிவப்பு ஷூ.

புத்தம் புதுசு. அவள் வாங்கித் தராதது.

போன ஞாயிறுதான் சர்ச் ஹாலில் கான்ஸ்டபிள் லூப்பே ரவுடிக் கும்பல்கள் பிள்ளைகளை எப்படி வளைக்கின்றன என்று பெற்றோர்களுக்கு வகுப்பெடுத்திருந்தாள். நீங்கள் வாங்காத பொருள்... பட்டப்பெயரோடு புது நண்பர்கள்... திடீரென்று கைவிட்ட விளையாட்டு... இதெல்லாம் கண்ணில் பட்டால் அடிக்காமல் கேளுங்கள், தனியாகப் போய் மோதாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்றாள். அதெல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு என்று மசினா பாதி கேட்டு, பாதி தூங்கினாள்.

யாரோ பெற்ற அந்தப் பிள்ளை இப்போது அவள் வீட்டு வாசலில் நின்றது. பதினைந்து வயது. அலெசானா. அவன் ரக்பி பக்கம் போயே ஒரு மாதமாகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கை தானாகச் செருப்பைத் தேடியது. லூப்பே சொன்னது ஞாபகம் வர, அதே கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவி மகன் முன் வைத்தாள்.

"யாரு கண்ணா குடுத்தா?"

"ரேஸர்."

"அதென்னடா பேரு? அவங்கம்மா சவரக் கடையிலயா பெத்தா?"

பையனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. சனிக்கிழமை ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். பயந்துபோய் ஷூவைத் திருப்பிக் கொடுத்தும் பார்த்தானாம்.

"வாங்க மாட்டேங்கறான்மா. 'போட்டுட்டேல்ல, இனி நீ எங்க ஆளு'ங்கறான்."

அப்பா ஃபெத்து கிரிக்கெட் மட்டையோடு கிளம்பிவிட்டான். இல்லையென்றால் பையனை அடுத்த விமானத்தில் சமோவாவுக்கு, பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றான்.

"மட்டையைக் கீழ வைங்க," என்றாள் மசினா. "அவன் குடுத்தது சீர். நாம பதில் சீர் செய்வோம். வாங்கினதைவிடப் பெருசா, ஊரே பாக்கற மாதிரி. அப்புறம் எந்த வாயால நம்ம பிள்ளையை அவன் ஆளுங்கறான்னு பாக்கறேன்."

முதல் போன் லூப்பேவுக்கு. அடுத்தது அக்காவுக்கு. ரேஸரைப் பெற்றவள் யார்?

தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது. பெயர் சியெனி. பக்கத்துத் தெரு சர்ச்சில் பாடுகிறவள். ரேஸரின் நிஜப் பெயர் பெனியாமினா. மகனுக்குக் கிடங்கில் ராத்திரி வேலை என்று நம்பிக்கொண்டிருக்கிறாளாம், பாவம்.

சனிக்கிழமை காலை. தன் வீட்டு கராஜில், சகாக்கள் சூழ, தோளில் பையோடு, அலெசானாவுக்காகக் காத்திருந்தான் ரேஸர்.

வந்தது மூன்று வேன்!

ஒரே நிற உடையில் பெண்கள் இறங்கினார்கள்... இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசி வேனிலிருந்து, வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உடலை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். துணிக்கு வெளியே கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன.

ரேஸரின் சகாக்கள் வேலியேறிக் குதித்து ஓடினார்கள்.

துணி விலகியது. பொன்னிறமாகச் சுட்ட முழுப் பன்றி!

பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். தெருவே வாசலுக்கு வந்தது. சியெனியும் ஓடி வந்தாள். ஃபெத்து சிவப்பு ஷூவைப் பன்றிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சபையில் பேசுகிற குரலில் முழங்கினான்.

"எங்க மகனுக்கு ஷூ வாங்கிக் குடுத்து, இன்னிக்கு வேலையும் குடுத்த தம்பி பெனியாமினாவுக்கு எங்க குடும்பத்தோட மரியாதை. இதோட அந்தக் கணக்கு தீர்ந்தது."

சியெனிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவளும் அம்மாதானே, சட்டென்று முகம் மாறியது.

"கிடங்குல மூட்டை தூக்கறவன், ஊரான் பிள்ளைக்கு எதுக்குடா ஷூ வாங்கினே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மசினா, சமோவாச் சீரிலேயே உயர்ந்ததான பின்னல் பாய் ஒன்றை நீட்டினாள். எத்தனை பெரிய ரவுடியாக இருந்தால் என்ன, பெற்றவள் பார்க்கும்போது சீர்ப்பாயை ஒற்றைக் கையால் வாங்க முடியுமா? பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பணிவாக நீட்டினான்.

பன்றியின் பின்னங்காலைத் தூக்கி வந்த பெண் குனிந்தாள். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே போதை மாத்திரைப் பொட்டலங்கள்!

"ரெண்டு கையும் அப்படியே இருக்கட்டும் தம்பி," என்றபடி விலங்கை மாட்டினாள் கான்ஸ்டபிள் லூப்பே.

சியெனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மசினா அவளை அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது.

"எனக்கே இந்த வாரம்தான் தெரிஞ்சுது சியெனி. அடுத்த வகுப்புக்கு நீயும் வா. நான் தூங்கினா கிள்ளிவிடு."

வேனுக்குள்ளிருந்து அலெசானா தலையை நீட்டினான்.

"அம்மா, ஷூவும் போச்சு. திங்கட்கிழமை ரக்பிக்கு எதைப் போட்டுட்டுப் போறது?"

"அப்பா செருப்பு இருக்குடா. ஒண்ணை நீ கால்ல மாட்டிக்கோ," என்றாள் மசினா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொண்ணு என் கையிலயே இருக்கட்டும்."