படித்ததும் இறங்கும் கொடி

முப்பிடாதிக்கு இடது முட்டி காலையிலிருந்தே விண் விண்ணென்று தெறித்தது. எலும்புக்குள் உளி வைத்துக் கொத்துகிற மாதிரி வலி. முதுகில் முக்கால் டன் பாறை இருக்கும்போது முட்டியைத் தடவிக்கொண்டு நிற்க முடியுமா? அலை உள்வாங்கியிருந்தது. அது திரும்பி வருவதற்குள் கடற்சுவரின் அடிவரிசையை அடுக்கியாக வேண்டும்.

பாறையைச் சுமந்தது அவள் உடம்பு மட்டுமில்லை. தோளிலிருந்து பாதம்வரை அவளைக் கவ்வியிருந்த தாங்குகூடும் சேர்ந்துதான் சுமந்தது. கடல் தெருவுக்குள் ஏறிவந்த பிறகு, கிரேன் நிற்க முடியாத சேற்றிலெல்லாம் இந்தக் கூட்டை மாட்டிய ஆட்கள்தான் சுவர் எழுப்பினார்கள். கூட்டின் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உணரி உண்டு. உணரிக்குத் தெரிந்ததெல்லாம் மின்னழுத்தம் கூடுவதும் குறைவதும்தான். அதை வாங்கி, ‘இடது முட்டி, இவ்வளவு பாரம்’ என்று ஆளுக்கு விளங்குகிற கணக்காக்கிச் சொல்வது இயக்கி என்கிற சிறு நிரல். பாரம் எல்லை மீறினால் இயக்கி ஒரு சிவப்புக் கொடியை ஏற்றும். கூட்டுக்குள் இருக்கும் காவல் நிரல் அந்தக் கொடியைப் பார்த்ததும் கால்களைப் பூட்டி, பாறையைப் பக்கவாட்டில் இறக்கிவிடும்.

கொடியை யாராலும் மாற்ற முடியாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதிலிருந்துதான் அந்தக் கல் தூக்குகிற செட்டில் ‘வலி பார்க்கிற’ வழக்கம் வந்தது. போன வருஷம் ஒருவன் இடுப்பு விட்டுப்போனதை மூச்சுவிடாமல் மறைத்து, கடைசியில் படுத்த படுக்கையாகிவிட்டான். அன்றைக்கே பன்னிரண்டு பேரும் தங்கள் மணிக்கட்டுத் திரையில் மற்றவர்களின் கொடிகளைப் போட்டுக்கொண்டார்கள். யாருக்குச் சிவந்தாலும் பக்கத்தில் இருப்பவர் போய்த் தோள் கொடுக்க வேண்டும்.

“யக்கா, ஒனக்கு செவந்துச்சே,” என்று பின்னாலிருந்து கத்தினாள் பேச்சித்தாய்.

“நல்லாப் பாருட்டீ.”

பேச்சித்தாய் மறுபடி மணிக்கட்டைப் பார்த்தாள். “இப்ப இல்ல. எறங்கிட்டு.”

“ஒங்கண்ணுதான் செவந்திருக்கு. ராத்திரி என்ன சோலி பாத்தியோ.”

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதிக்கும் தெம்பு வந்தது. கொடி நிற்கவில்லையென்றால் வலி பெரிதில்லை. பாறையோடு அடுத்த அடி வைத்தாள்.

பின்னால் கல் சுமந்து வந்த ஐகோர்ட்துரை மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் முப்பிடாதிக்கும் மாசி மாதக் கோயில் கொடையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. “நீரு தூக்குறது கல்லா, கருப்பட்டியா?” என்று அத்தனை பேர் முன்னால் அவள் கேட்டுவிட்டாள். அன்றே அவர் தன் திரையிலிருந்து அவள் பெயரைத் தூக்கிவிட்டார். அதனால் அவருக்கு அவளைப் பார்க்க வெறும் கண் மட்டும்தான் மிச்சம். அந்தக் கண்ணில் அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாக இழுபடுவது பட்டது.

“பேச்சித்தாயி, முன்னால போறவங்கள நிக்கச் சொல்லு,” என்றார், முப்பிடாதியைப் பார்க்காமல். “காலு கோணுது.”

“கருப்பட்டி தூக்குறவுக நமக்கு நட பழக்க வேண்டாம்னு சொல்லுட்டீ,” என்றாள் முப்பிடாதி.

சொல்லி முடிப்பதற்குள் முட்டி மடிந்தது. கூடு பூட்டவில்லை. பாறை அவள் மேலேயே சாய்ந்தது.

ஐகோர்ட்துரை தன் கல்லைச் சேற்றில் எறிந்துவிட்டு உள்ளே புகுந்து, சாயும் பாறைக்கு வலது தோளைக் கொடுத்தார். முப்பிடாதியின் மணிக்கட்டு அதிர்ந்தது. ‘ஐகோர்ட்துரை, வலது தோள்’ என்று சிவப்பாய் ஒரு வரி. பார்த்தாள். மறு இமைப்பில் அது இல்லை. சேற்றில் ஊர்ந்து அவள் வெளியே வந்த அதே நேரம், அவர் தோளில் காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவருடைய கூடும் பூட்டவில்லை.

மறுநாள், ஐகோர்ட்துரை படுத்திருந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு ரெஜினா வந்தாள். அந்த இயக்கியை எழுதியவள் அவள்தான். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“கொடிய யாராவது ஒருதடவ படிச்சா, சேதி போய்ச் சேந்துட்டுன்னு இயக்கி அத எறக்கிரும். படிக்கப்போறது காவல் நிரல் மட்டும்தான்னு நெனச்சு எழுதிட்டேன். நீங்க இத்தன பேரு மாத்தி மாத்திப் படிச்சதுல, காவல் நிரல் பாக்கும்போது கொடியே இல்ல.”

“அக்கறையாப் பாத்தது தப்பாம்மா?” என்றாள் பேச்சித்தாய்.

“பாத்தது தப்பில்லக்கா. பாத்தா மறையிற மாதிரி வச்சது எந்தப்பு. மாத்திட்டேன். இனி யாரு படிச்சாலும், பாரம் எறங்குறவரைக்கும் கொடி நிக்கும்.”

மணிக்கட்டில் அதிர்ந்து மறைந்த அந்தச் சிவப்பு முப்பிடாதியின் கண்ணுக்குள் நின்றது. மீன் ரசம் இருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள்.

ஐகோர்ட்துரை சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். “செவுரே, வந்தவங்களுக்கு முட்டி எப்படி இருக்காம்?”

“செவுரே, சவ்வுதான் பிசகியிருக்கு, காலு தப்பிச்சிட்டுன்னு சொல்லு.” ரசத்தை டம்ளரில் ஊற்றினாள். பிறகு சுவரை விட்டுவிட்டாள். “அண்ணாச்சி.”

அவர் திரும்பினார்.

“நீங்க வரலன்னா கல்லுக்கு அடியில கெடந்திருப்பேன். என் புள்ளைகளுக்கு ஆத்தா இருக்கது ஒங்களாலதான்.” டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள். “ஒங்க தோளு செவந்தத நாந்தான் பாத்தேன். சண்டையானாலும் ஒங்க பேர நான் தெரையிலருந்து எடுக்கல. நான் படிச்சதாலதான் ஒங்க கூடு பூட்டல.”

அவர் இடது கையால் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“நான் ஒம்பேர எடுத்ததால கண்ணால பாத்தேன், நீ பொழச்ச. நீ எம்பேர எடுக்காததால எந்தோளு போச்சு. இனிம யாருகூட பேசணும், யாருகூட பேசக்கூடாதுன்னு அந்த ரெஜினா புள்ளகிட்டதான் கேக்கணும் போல.” இன்னொரு வாய் குடித்தார். “ரசத்துல உப்பு கம்மி.”

முப்பிடாதி சிரித்தாள். எழுந்து, அவருடைய தலையணையை ஏற்றி வைத்தாள். அந்தத் தோள் இனி கல் தூக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தன் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஐகோர்ட்துரைக்கு அவள் ஒரு வலது தோள் பாக்கி.