கருங்கிண்ணம்

பீரோவைத் திறந்ததும் மழை வாசனை வந்தது. ராஜபாளையத்தில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அடுக்கி வைத்த பருத்திப் புடவைகளுக்குள்ளிருந்து, இற்ற மரமும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை, செண்பகத்தோப்புக் காட்டு ஓடைக்கரையில் விடிகாலையில் முகத்தில் அடிக்குமே, அதே குளிர்ச்சியோடு வந்து அனுசியாவின் தொண்டையில் தங்கியது. அடிப்புடவையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது.

அதற்குக் கீழேதான் அந்தக் காகித உறை இருந்தது. அவள் திருடி வந்தது.

கல்லூரியில் அவளும் நாகஜோதியும் ஒரே பேராசிரியரிடம் பூஞ்சை ஆராய்ச்சி செய்தார்கள். அனுசியா மூத்தவள். எத்தனையோ மழைக்காலம் அட்டைக்கடியோடு காட்டில் அலைந்தும் புதிதாக ஒன்றும் அவள் கையில் அகப்படவில்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து நேற்று வந்து சேர்ந்த நாகஜோதி, ஓடைக்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க உட்கார்ந்தவள், பக்கத்தில் கிடந்த பட்ட கிளையைச் சும்மா புரட்டினாள். அடியில் உளுந்து உளுந்தாகக் கறுப்புக் கிண்ணங்கள். அதே கிளையை மிதித்துத்தான் அனுசியா கரையேறி வந்திருந்தாள்.

பைக்குள் விதைத்தூள் வைத்திருக்கும் பைப்பூஞ்சைகளில் அறிந்த எந்தப் பேரினத்தோடும் அது சேரவில்லை. மரபணு முடிவு வந்த அன்று பேராசிரியர் ஆராவமுதன் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தார். இது தனிப் பேரினம், அதற்குள் இது ஒன்றே ஒன்றுதான், கூடப்பிறந்தது என்று எதுவும் கிடையாது என்றார். நாகஜோதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், மனைவி வஞ்சுளவல்லி கையால் இலை போட்டுச் சாப்பிட வைத்தார். அனுசியா இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசல்படியை மிதித்ததில்லை.

ஆதாரமாக வைக்கும் மூல மாதிரி இல்லாமல் புதுப்பெயர் செல்லாது. கிளை அது ஒன்றுதான். ஆய்வகத் தட்டுகளில் வளர்க்கப் பார்த்தும் முளைக்கவில்லை. அதனால் எடுத்தாள். ஆய்வகம் முழுக்கத் தேடி ஓய்ந்து நாகஜோதி அவள் தோளில் சாய்ந்து அழுதபோது, கிடைத்துவிடும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரவிக்கையில் ஊறிய அந்தக் கண்ணீர் காயும்வரை அவளுக்கு நெஞ்சுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

அடுப்பில் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. சாயங்காலமானால் உறையைப் பிரித்து, முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பாள். மூச்சுக்காற்றுப் பட்டதும் கிண்ணங்கள் 'ஸ்ஸ்' என்று மெல்லிய புகையைக் கக்கும். அந்தப் புகை முழுக்க விதைத்தூள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் குனிவாள். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது உறைக்குள் கிளை பொடியாகிக் கிடந்தது. ஒரு கிண்ணத்தைக்கூடக் காணவில்லை. புடவை மடிப்புகளில் மட்டும் வெள்ளை இழைகள், மில்லில் பறக்கும் பஞ்சு போல. எல்லாவற்றையும் வாளியில் அமுக்கி டெட்டாலை ஊற்றி மூடினாள். தலைக்குக் குளித்தாள். வாசனை போகவில்லை.

பிறகு அந்தச் சத்தம்.

மின்விசிறியை நிறுத்தினாள். ஸ்ஸ். பல்லிடுக்கில் யாரோ மூச்சு விடுவது போல. பீரோவுக்குள் இல்லை. கட்டிலடியில் இல்லை. வாளிக்குள்ளும் இல்லை. நன்றாகக் கேட்பதற்காக மூச்சை அடக்கினாள்.

சத்தம் நின்றது.

விட்டாள்.

ஸ்ஸ்.

கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. ஈரக் கூந்தலுக்கு அடியில். குளிர்ச்சி. பொடிப் பொடியாக. விரலுக்குத் தெரிந்தது. கழுத்துக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்குப் போகவில்லை. போனை எடுக்கவில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

நாகஜோதி வந்தபோது மில்லில் ஷிப்ட் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், "யக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி. நீ போ."

நாகஜோதி போகவில்லை. காய்ச்சலா என்று பார்க்கக் கழுத்தில் கை வைக்க வந்து, முடியை ஒதுக்கினாள். கை அப்படியே நின்றது. அலறப்போகிறாள் என்று அனுசியா காத்திருந்தாள். அலறல் வரவில்லை. நாகஜோதி வாளியைப் பார்த்தாள், திறந்திருந்த பீரோவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பையின் ஜிப் திறந்தது. போன் டார்ச் எரிந்தது. லென்ஸின் குளிர்ந்த விளிம்பு தோளில் உரசியது.

"அசையாதீங்கக்கா." குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல. "இது அது இல்ல. ஓரத்துல மயிர் இருக்கு. அதுல கெடையாது. இது வேற. ரெண்டாவது."

இதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். என் தோலில் முளைத்ததையும் அவள்தான்.

பிளேடு இறங்கியது. அனுசியாவுக்கு வலிக்கவில்லை. பீரோக் கண்ணாடியில் நாகஜோதியின் முகம் தெரிந்தது. தோளுக்கு மேல், மிக அருகே, வாய் லேசாகப் பிளந்து, கோயில் தீபாராதனையைப் பார்ப்பவளைப் போல. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அனுசியாவுக்கு வயிறு எரிந்தது.

தோலுக்கடியில் கிண்ணங்களெல்லாம் ஒருசேர இறுகின. கழுத்தில். முதுகில். இடுப்புவரை. அவள் இதுவரை தொட்டுப் பார்க்காத இடங்களிலும்.

தள்ளிப் போ. ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் இருந்தது.

அனுசியா வாயை மூடிக்கொண்டாள். நிதானமாக மூச்சை விட்டாள்.

டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைப் புகை எழுந்தது. கண்ணாடியில் அவள் முதுகு முழுவதும் கறுப்பாகத் திறந்திருந்தது. புகைக்கு நடுவே நாகஜோதி இருமவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. கண்கள் விரிய, சிரித்தபடி, இன்னும் கிட்டக் குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.