கரும்புக்குள் ஒரு பேமானி!

"ஐயோ... கொலை! கொலை!"

கச்சிராயபாளையத்துக் கரும்புக் காட்டில் காசியம்மாள் போட்ட அலறலில், மடையோரக் கொக்குகள் மொத்தமாய் எழும்பின.

களை வெட்ட வந்தவள் அவள். அவள் காலடியில் கரும்புத் தோட்டத்துச் சொந்தக்காரர் அரங்கநாதன்.

குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்!

சப் இன்ஸ்பெக்டர் அருள்மொழி ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அவர் மூக்கருகே விரல் வைத்தாள்.

சூடான காற்று...!

"கொலை இல்லம்மா. உசுரு இருக்கு. ஆம்புலன்ஸ்!"

அவர் கைக்குப் பக்கத்தில் செல்போன். மகள் ஷாலினிக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இன்னும் ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்தது!

அருள்மொழி அதை நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டாள்.

"ஷாலினி, இந்த வாட்டி ஆளுங்க வேணாம்மா, மெஷின வச்சே வெட்டிடலாம்னு..."

காய்ந்த கரும்பிலைச் சோகை மிதிபடும் சத்தம்.

"யார்றா அது?"

"பேமானி!"

"டேய், தமிழழகனா?"

"பேமானி!"

தடால்!

பின்னாலேயே வந்திருந்த இன்ஸ்பெக்டர் தங்கதுரை தொப்பியைச் சரி செய்தார்.

"முடிஞ்சுது கேஸ்! அந்த வார்த்தைக்கு இந்த ஊர்ல ஒருத்தன்தான் சொந்தக்காரன்."

தமிழழகன். லாரியில் கரும்பு ஏற்றுகிறவன். சம்பந்தமில்லாத நேரத்தில் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்து விழும். ஷாலினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நேற்று விழுந்தது. அப்போதே அவனை வேலையை விட்டுத் துரத்தினார் அரங்கநாதன்.

போதாதா?

வெள்ளிமலை பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தவனை இறக்கிக் கொண்டு வந்தார்கள்.

"சார், நான் மேல மரவள்ளி புடுங்க... க்கும்... பேமானி!... வேலைக்குப் போய்க்கினு இருந்தேன் சார்!"

அவன் கழுத்து வெடுக்கென்று ஒரு பக்கம் வெட்டியது.

பளார்!

"ஸ்டேஷன்லயே என்னையவா?" தங்கதுரை மறுபடி கை ஓங்கினார்.

"சார், வேணாம்! அது உங்களை இல்ல." அருள்மொழி குறுக்கே வந்தாள்.

"வேற யாரை? இங்க நாமதான இருக்கோம்!"

"யாரையும் இல்ல. உள்ள வரும்போது தண்ணிப் பானையைப் பார்த்தும் சொன்னான். பானை இன்னா பண்ணுச்சு அவனை?"

தங்கதுரை பானையைத் திரும்பிப் பார்த்தார்.

"டூரெட்னு ஒரு நரம்புக் கோளாறு சார். என் ஹாஸ்டல் தோழிக்கும் இருந்துச்சு. அவளுக்குக் கண்ணு சிமிட்டும், தோள் குலுங்கும், அவ்ளோதான். கெட்ட வார்த்தை சில பேருக்குத்தான் வரும். தும்மல் மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் அடக்கினதுக்கும் சேர்த்து வரும்."

"கோவத்துல நானும்தான் திட்டறேன். எனக்கும் நோயா?"

"நீங்க ஆளைப் பார்த்துத் திட்டுவீங்க சார். இவன் தன் பேச்சையே நடுவுல வெட்டிக்கறான்."

தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கே வெக்கமா இருக்கு மேடம். அடக்க அடக்கத் தொண்டைல வந்து நிக்கும்... க்கும்... பேமானி!"

அருள்மொழி நிமிர்ந்தாள்.

க்கும்...!

ரெக்கார்டிங்கை மறுபடி ஓட விட்டாள். அதில் க்கும் இல்லை. அரங்கநாதன் பேசி முடிக்கும்வரை அந்தக் குரல் காத்திருந்தது. முடித்ததும் பதில் சொல்வது போல், பேமானி!

"சார், இது யாரோ தமிழழகன் மாதிரி பேசறது."

"சாயங்காலம் இவனை ரிமாண்டுக்கு அனுப்பணும். அதுக்குள்ள ஆளைக் காட்டு. இல்லன்னா இவன்தான்!"

கரும்பு வெட்டும் ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள். அருள்மொழி ஒரு டீ சொன்னாள்.

"தமிழழகன் மாதிரி யாரு நல்லா பேசுவீங்க?"

பழனி முந்திக்கொண்டு எழுந்தான். தமிழழகனோடு சேர்ந்து லோடு ஏற்றுகிறவன்.

"க்கும்... பேமானி!" கழுத்து வெட்டோடு அச்சு அசலாக இருந்தது.

கடையே சிரித்தது. ஒருவரைத் தவிர.

"மேஸ்திரி, நீங்க?"

ஆட்களை வேலைக்குக் கூட்டி வரும் மேஸ்திரி வீரமணி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அதெல்லாம் வராதுங்க."

"இன்னாண்ணே இப்டி சொல்ற?" பழனி விடவில்லை. "மேடம், தெனம் பண்ணுவாரு! ஆனா எத்தினி தபா சொன்னாலும் அந்த க்கும்மை வுட்டுடுவாரு. வெறும் பேமானிதான்!"

அருள்மொழி அரங்கநாதனின் செல்போனைத் தட்டினாள்.

"பேமானி!"

"தோ, இதேதான்! மேஸ்திரி குரலு..."

பழனியின் சிரிப்பு பாதியில் நின்றது.

வீரமணி ஓடினார்! சாலையைத் தாண்டினார்... கரும்புக்குள் பாய்ந்தார்... சோகையில் கால் வழுக்கி மல்லாந்தார்!

அதே நேரம் அருள்மொழியின் போன் அலறியது. ஆஸ்பத்திரி.

அரங்கநாதன் கண் விழித்துவிட்டார். விழும்போது திரும்பிப் பார்த்தாராம். வீரமணி!

"மெஷின் வந்தா என்னை எவன் மேஸ்திரிம்பான்?" விலங்கு மாட்டும்போது கத்தினார் வீரமணி. அருள்மொழியின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினார். "எல்லாம் உன்னாலதான்டி, பேமானி!"

"இது சுத்தமான கோவம்," என்றாள் அருள்மொழி. "ஏத்துங்க ஜீப்புல!"

ஸ்டேஷனில் தங்கதுரை தமிழழகனின் தோளைத் தட்டினார்.

"தெரியாம அடிச்சுட்டேன் தம்பி. மனசுல வச்சிக்காத, இன்னா?"

தமிழழகன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அவரை நேருக்கு நேர் பார்த்தான்.

"பேமானி!"

வணக்கம் வைத்துவிட்டு வெளியேறினான்.

"பாவம், நோய்..." என்று ஆரம்பித்த தங்கதுரை சட்டென்று நிறுத்தினார்.

"அருள்மொழி... க்கும் வரலியே? கழுத்தும் வெட்டலியே?"

"வரல சார்," என்றாள் அருள்மொழி, சிரிப்பை ஃபைலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "அது உங்களுக்கே உங்களுக்குன்னு சொன்னது!"