மூன்று நாள் தூக்கம்

"அந்தத் தம்ளரைக் கீழே வைட்டி!"

விடிந்தும் விடியாத நேரத்தில் பார்வதியம்மாளின் குரல் அடுப்படிக்குள் விழுந்தது. கணவனுக்குக் காப்பி எடுத்துவந்த இசக்கித்தாய் அப்படியே நின்றாள். மாமியார் தம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் ஊற்றினாள்.

"எம் மவனுக்கு மருந்து வச்ச கையி இது... இனிமே இந்தக் கையால அவன் ஒரு வாய்த் தண்ணி குடிக்கப்படாது!"

"கோமதியம்மன் சத்தியமா நான் எதையும் கலக்கல அத்தே..."

"பொறவு எதுக்குட்டி அவன் இப்படி ஆனான்? ஆளு பாதியாயிட்டான். சோத்தைக் கண்டா மூஞ்சியைத் திருப்புதான். கண்ணு பொருந்த மாட்டேங்கு. சுவத்துக்கு அங்கிட்டு நின்னு யாரோ பேசுதாவன்னு கம்பைத் தூக்குதான். புருசனைக் கைக்குள்ள போடணும்னு எதையோ வச்சுட்ட... அதுதான் அவன் வயித்துல கெடந்து அரிக்கி!"

இசக்கித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வாய்தான் இல்லை.

துரைப்பாண்டி புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஓட்டுகிறவன். காய் வாடுவதற்குள் சந்தை போய்ச் சேர வேண்டும் என்று கண் அசராமல் ஓட்டுவான். அதற்கென்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. முதலில் பாதி, பிறகு ஒன்று. வருஷம் திரும்புவதற்குள் ஆறு, ஏழு. வண்டி எடுக்காத நாளிலும் அது இல்லாமல் அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. சட்டைப் பையில் அவள் அதைக் கண்டுபிடித்த அன்று, அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து அழுத்தினான்.

"ஓனர் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிருவாரு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு எம் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

காப்பியை ஊற்றிய அன்று காலையே பார்வதியம்மாள் மகனைக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப் போனாள். இடுமருந்து எடுக்கிறவர். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் கறுப்பாக எதையோ துப்பிக் காட்டினார். உடுத்திவந்த துணியை அங்கேயே எரித்துவிட வேண்டும், மூன்று நாளைக்குப் பெண்டாட்டி முகத்தில் விழிக்கக் கூடாது என்றார். சட்டை எரிந்தது. பையிலிருந்த மாத்திரைகளும் அதோடு எரிந்ததைப் பார்வதியம்மாள் அறியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவன் தூங்கினான்.

அப்படி ஒரு தூக்கம்! தெருவெல்லாம் தறி ஓடுகிற சத்தம், அதற்கு அடியில் அவன் மூச்சு. இடையில் எழுந்து ஒரு பானைச் சோற்றை அள்ளித் தின்றான். மறுபடியும் தூங்கினான். பின்வாசல் படியில் உட்கார்ந்து இசக்கித்தாய் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். வெயில் நகர்ந்தது, நிழல் நகர்ந்தது, அவள் நகரவில்லை. பகலும் கனவுமாகக் கலந்துபோன அந்த மூன்று நாளில் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. நினைவில்லாமல் நானேதான் எதையாவது கலந்துவிட்டேனோ...?

நான்காம் நாள் காலையில் மாமியார் வந்து நின்றாள்.

"பாத்தியா? எடுத்ததும் பிள்ள தூங்குதான், திங்குதான். இன்னும் என்னட்டி சாட்சி வேணும்? வாசுதேவநல்லூருக்கு மொத பஸ் இருக்கு. உங்க அய்யா வீட்டுக்குப் போயிச் சேரு!"

இசக்கித்தாய் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக இறங்கினாள். கிணற்றுச் சுவரில் துரைப்பாண்டி உட்கார்ந்திருந்தான். கோபமில்லை, நடுக்கமில்லை. குழந்தையைப் போல் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இசக்கி... எதுலயும் நெறமே இல்லட்டி. அடியில மட்டும் குளுமையா இருக்கும்போல..."

மூட்டை விழுந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"அத்தே! ஓடியாங்க! சத்தியத்தை உடைக்கேன் அத்தே... இவரு மாத்திரை முழுங்குதாரு! ஒரு வருசமா முழுங்குதாரு!"

மூவரும் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முகம்மது ஹுசைன் டாக்டர் எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்டார். நாடி பிடித்தார், எடை பார்த்தார். பிறகு பார்வதியம்மாளிடம் திரும்பினார்.

"யாரும் எதையும் வைக்கலம்மா. மூணு நாள் தூங்கினது குணமானதுனால இல்ல, மாத்திரை நின்னதுனால. ஒரு வருசம் விரட்டின உடம்பு, மொத்தமாச் சாஞ்சுருச்சு. அதுக்குப் பொறவுதான் மனசு இருண்டு போகும். செத்துரலாம்னு தோணும். ஆபத்தான நேரமே இப்பத்தான்."

"ஊசி ஏதும் இல்லையா டாக்டரய்யா?"

"இதை நிறுத்த ஒரு ஊசியும் கெடையாது. வேளைக்குச் சோறு, தூக்கம், ஒத்தையில விடாம பக்கத்துல ஒரு ஆளு. ராத்திரி வண்டி வேண்டாம். வாராவாரம் வந்து எங்கிட்ட பேசட்டும். மறுபடியும் கை அதுக்குப் போனா ஏசாதிய, அடிக்காதிய... கூட்டிட்டு வாங்க. இந்தப் பிள்ள இன்னைக்கு வாயைத் தெறக்கலைன்னா உங்களுக்கு மவன் இல்ல."

துரைப்பாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டான். "நானே என் கையால எடுத்து முழுங்குனதும்மா... அவளுக்கு என்ன பேரு வாங்கிக் குடுத்துட்டேன்!"

வீட்டுக்கு வந்ததும் பார்வதியம்மாள் கிணற்றடியில் கிடந்த மூட்டையை எடுத்து உள்ளே வைத்தாள்.

பிறகும் அவன் இரண்டு முறை மாத்திரைக்குத் திரும்பினான். இரண்டு முறையும் ஓர் ஏச்சு இல்லாமல் மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்று மத்தியானம், அவன் படுத்திருந்த கட்டிலோரம் சுவரில் சாய்ந்து, கண் எரிய எரிய விழித்துக்கொண்டிருந்தாள் இசக்கித்தாய். பார்வதியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்ல மருமகளின் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்தாள்.

"எத்தனை நாளாட்டி நீ உறங்கல...?"

இசக்கித்தாய்க்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "அத்தே..."

"படு மக்கா. நான் முழிச்சிருக்கேன்."