தோளில் ஒட்டிய நூல்

அன்று காலை அவள் விமானக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, அவளுடைய கணவன் விமானத்தின் மூக்கில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தான். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவன்போல நின்றிருந்தான். அவள் வந்த காலடி அவனுக்குக் கேட்கவில்லை. அல்லது, கேட்டும் கையை எடுக்க மனம் வரவில்லை.

இருவர் மட்டுமே அமரத்தக்க சிறிய விமானம் அது. உடல் வெள்ளை, வால் நீலம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓடுபாதையின் ஓரத்தில் சிறகொடிந்த பறவையாய்க் கிடந்ததை, மெக்கானிக்கான அவனே ஆணி ஆணியாகப் பிரித்து, தகடு தகடாகப் பொருத்தி, மறுபடி எழுப்பியிருந்தான். எழுப்பினானே தவிர, ஒருநாளும் அதைப் பறக்கவிட்டதில்லை.

அன்று அது விழுந்தபோது உள்ளே இருந்தவள் அவன் முதல் மனைவி.

அந்த விமானத் திடலில் அவளை எல்லோரும் வாத்தியாரம்மா என்றே அழைத்தார்கள். விமானம் வைத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். தலையில் எப்போதும் நீலத் துணி ஒன்றைக் கட்டியிருப்பாள். வாயில் எப்போதும் புதினா மிட்டாய். விமானத்தின் முகப்புப் பலகையில் அவள் கையால் எழுதி ஒட்டிய அட்டை இன்னமும் இருந்தது. முத்து முத்தான எழுத்து.

என்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்து. நேரே போ. திரும்பாதே.

தரையை விட்டுக் கிளம்பியவுடன் என்ஜின் நின்றுபோனால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்தத் தாழ்ந்த உயரத்தில் திரும்பினால் வேகம் குன்றும். வேகம் குன்றினால் காற்று இறக்கையைக் கைவிடும். கைவிட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, கிளம்புமுன் அந்த மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டே கிளம்பவேண்டும் என்பது அந்தத் திடலில் அவள் வகுத்த நெறி. அவள் போன பின்னும் ஒருவரும் அதை விடவில்லை.

அப்படி ஊருக்கெல்லாம் ஓதியவள், தன் முறை வந்தபோது திரும்பினாள்.

ஏன் திரும்பினாள் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒருத்திக்கு மட்டும் விளங்கியிருந்தது.

"வந்துட்டியா?" என்று கணவன் கையை எடுத்தான். "வேற வண்டி எடுத்துக்கயேன். டாக்டர் வண்டி சும்மாத்தான் நிக்குது."

"ஏன், நான் தொட்டா இது கரைஞ்சிடுமா?"

"அதுக்கில்லம்மா. அவ இதுல..." என்று தொடங்கியவன், மீதியை விழுங்கினான்.

அந்த விழுங்கலைத்தான் அவளால் பொறுக்க முடிவதில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போடலாம். பழம்பாடல்களில் தலைவியின் ஊடலுக்கு ஒரு கதவு உண்டு. இருபுறமும் தூது போகத் தோழியும் பாணனும் உண்டு. இறந்தவள்மேல் கொண்ட ஊடலுக்கு எவர் தூது போவார்? உயிரோடிருக்கும் சக்களத்திக்காவது நரைக்கும், மூப்பு வரும், வாய் தவறிக் கெட்ட பெயர் வரும். செத்தவளுக்கு அவை ஒன்றும் வருவதில்லை. அவள் என்றும் முப்பத்திரண்டு வயதில், என்றும் நல்லவளாய், நீலத் துணி கட்டி நின்றுகொண்டே இருந்தாள். அவளை வெல்லவென்றே இவள் வேறொரு திடலுக்குப் போய், இரண்டாண்டு பாடுபட்டு, பறக்கும் உரிமம் வாங்கி வந்திருந்தாள்.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார். ஞாயிறுதோறும் தம் விமானத்தைத் துடைக்க வருபவர். துடைப்பதோடு சரி, பறப்பது அரிது.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு வாத்தியாரம்மா வண்டியிலயா?"

"இது எங்க வீட்டுக்காரர் வண்டிண்ணே."

"அட, கோச்சுக்காதம்மா. வாய் தவறிடுச்சு."

"ஊரு வாயெல்லாம் பாக்குறவரு, உங்க வாயைக் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

அவர் சிரித்தார். கணவனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

விமானத்தில் ஏறி இடுப்பு வாரை மாட்டினாள். இருக்கையின் உறை சிவப்பு. ஓரமெல்லாம் தடித்த சிவப்பு நூலால் தைத்தது. அவள் கைத் தையல்தான். கார்களுக்கும் விமானங்களுக்கும் இருக்கை தைப்பதே அவள் தொழில். முந்தின நாள் மாலை அதைப் புதிதாய் மாட்ட அவனும் கைகொடுத்திருந்தான். அதே மேலாடையைத்தான் இன்றும் போட்டிருந்தான். அவனது இடத்தோளில் ஒரு முழ நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினாள். வார் பிடித்து இழுத்தது, எட்டவில்லை.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. வந்து எடுத்துக்கறேன்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு வேறொரு நூல் நினைவுக்கு வந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், தைத்து முடித்த உறைகளைக் கையில் சுமந்துகொண்டு அவள் முதல்முறையாக இந்தக் கொட்டகை வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் வாத்தியாரம்மாவின் விமானம் தரையை விட்டு எழுந்துகொண்டிருந்தது. வாசலில் அண்ணாந்து நின்ற அந்த மெக்கானிக் அவளுக்கு அந்நியன். வேறொரு விமானத்தின் பழைய உறைகளைக் கழற்றியதில் அவன் தோளில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. தையல்காரியின் கை, நூலைக் கண்டால் சும்மா இராது. எடுத்தாள். எடுத்த பின்னும் விரல் ஒரு கணம் அங்கேயே இருந்தது.

அந்த ஒரு கணத்தில்தான் மேலே என்ஜின் நின்றது.

பிறகு என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். எரிபொருளில் நீர் இல்லை, குழாயில் அடைப்பு இல்லை, ஒரு குறையும் இல்லை. அவள் அந்த விரலைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து அவனைக் கைப்பிடித்தபோதும் சொல்லவில்லை.

ஓடுபாதையின் தலைப்பில் விமானத்தை நிறுத்தினாள். கொட்டகை இடப்பக்கம், கொஞ்சம் பின்னால். காற்றில்லாத காலை. வெயிலில் தார் மினுமினுத்தது. வானொலியின் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். அந்த முத்து எழுத்தைப் படிக்க மனம் கசந்தது. ஆயினும் நெறி நெறிதான்.

"என்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்து. நேரே போ."

மூன்றாவதை அவள் சொல்லவில்லை. மூச்சு வாங்க நின்றாள்.

"திரும்பாதே," என்றது காதொலி.

மெல்லிய குரல். மறந்த மாணாக்கிக்கு அடியெடுத்துக் கொடுக்கும் குரல்.

வானொலிக் குமிழைப் பார்த்தாள். அதை அவள் இன்னும் திருகவேயில்லை.

பல் மருத்துவர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க முடியாது என்று தெரிந்தும் நினைத்துக்கொண்டாள். இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் இறங்கினால், வாசலில் நிற்கும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றும். செத்தவளுடைய வண்டி செத்தவளுக்கே மிஞ்சியது என்ற நிம்மதி. அதைக் காண்பதைவிடச் சாவது மேல் என்று பட்டது.

விசையைக் கொடுத்தாள்.

விமானம் ஓடியது, துள்ளியது, எழுந்தது. ஐம்பது அடி. நூறு. ஓடுபாதையின் முடிவு காலடியில் நழுவிப் போயிற்று. இருநூறு. முன்னே அறுவடை முடிந்த வயல்கள் பழுப்புப் பாயாய் விரிந்தன. முந்நூறு.

புதினா மணத்தது.

என்ஜின் ஒருமுறை இருமியது.

நின்றது.

அதுவரை இருந்த இரைச்சல் போன பின் வந்த அமைதி, காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. முன்விசிறி கண்ணெதிரே ஒரு கட்டையாய் நின்றது. கம்பிகளில் காற்று சீறும் ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசைக்குள், இடக் காதுக்கு வெகு அருகில், குளிர்ந்த மூச்சு ஒன்று வந்து போயிற்று.

"திரும்பிப் பாரு."

பார்க்கக் கூடாது என்று அறிவாள்.

பார்த்தாள்.

கொட்டகை வாசல் கைப்பிடியளவாய்ச் சிறுத்துக் கிடந்தது. அத்தனை தொலைவிலிருந்து ஆளையே அடையாளம் காண முடியாது. ஆயினும் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் அண்ணாந்து நின்றான். அவனருகில் நீலத் துணி கட்டிய ஒருத்தி நின்றாள். அவள் கை உயர்ந்தது. அவன் தோளிலிருந்து சிவப்பு நூலை மெல்ல எடுத்தது.

எடுத்த பின்னும் விரல் அங்கேயே இருந்தது.

ஒரு கணம் அல்ல. இருந்துகொண்டே இருந்தது.

அந்தக் கையை வெட்டவேண்டும், இப்போதே போகவேண்டும், திரும்பவேண்டும். அவள் கை தானாகவே கைப்பிடியை இடப்புறம் சாய்த்தது. இடச் சிறகு தாழ்ந்தது. வயல் சரிந்தது. வேகம் காட்டும் முள் மளமளவென்று இறங்கியது.

அப்போது அவளைக் காத்தது அறிவும் அன்று, தெய்வமும் அன்று. எந்தப் பொறாமை அவளைத் திருப்பியதோ, அதுவே அவளை நிறுத்தியது.

நீ திரும்பினாய். நான் உன்னைவிட மேல்.

"திரும்பமாட்டேன்டி!" என்று கத்திக்கொண்டே கைப்பிடியை நேராக்கி முன்னே தள்ளினாள். மூக்கு தாழ்ந்தது. காற்று மீண்டும் சிறகைத் தாங்கிற்று. வயல் எழுந்து வந்தது, நெல் தாளடி உரசியது, ஒரு மோதல், ஒரு குலுக்கல், புழுதி.

பிறகு ஒன்றுமில்லை. எங்கோ ஒரு குருவி கத்தியது.

கணவன் மூச்சிரைக்க ஓடி வந்து, கதவைத் திறந்து, அவளை வெளியே இழுத்து அணைத்துக்கொண்டான். "அடி ஏதும் படலையே? பேசும்மா, ஏதாவது பேசு." அவன் அழுதான். அவளும் அழுதாள். அணைத்திருந்தது ஒரு கைதான். மற்றொரு கை விமானத்தின் மூக்கில் இருந்தது.

அவள் அவனது இடத்தோளைப் பார்த்தாள். நூல் இல்லை.

"நான் மேல போனப்போ உங்க பக்கத்துல யாரு நின்னது?"

"யாருமில்லையே. டாக்டர் அவரு ஷெட்டுக்குள்ள இருந்தாரு. ஏன்?"

மறுநாள் விமானத்தை இழுத்து வந்து நிறுத்தியபோதுதான் கண்டாள். விசைப்பிடியின் கழுத்தில் அந்தச் சிவப்பு நூல் மூன்று சுற்றாகச் சுற்றி, அழகாக முடிச்சிட்டிருந்தது. அவளுக்குத் தெரியாத முடிச்சு. அதை அறுத்தெறிந்தாள், அதையும் எவரிடமும் சொல்லவில்லை.

வளைந்த முன்சக்கரத்தைச் சரிசெய்ய இரண்டு மாதமாயிற்று. என்ஜினை முழுவதும் பிரித்தான். இம்முறையும் ஒரு குறையும் இல்லை.

"நானே ஒருதரம் ஓட்டிப் பாத்துடறேன்," என்றான். அவனும் வாத்தியாரம்மாவிடம் பறக்கக் கற்றவன்தான்.

"வேணாங்க. வித்துடலாம்."

"வாசல்ல நில்லு. பத்தே நிமிஷம்."

நின்றாள். அவன் ஏறுவதை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். என்ஜின் இனிதே பாடியது. திடலை ஒருமுறை சுற்றி வந்து பூப்போல் இறங்கினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகவில்லையே என்று அவள் பெருமூச்சு விடுவதற்குள் அவன் அருகில் வந்துவிட்டான். அவன் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. மணம் முடித்த இந்த மூன்றாண்டில் ஒருநாளும் அவளுக்குக் கிடைக்காத ஒளி.

"மேல இருந்து திரும்பிப் பாத்தேன்," என்றான், தாழ்ந்த குரலில். "உன் பக்கத்துல..."

மீதியை விழுங்கினான்.

"நான் தனியாத்தான் நின்னேன்," என்றாள்.

"தெரியும்மா." தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியும்."

மறுநாளும் பறந்தான். அதற்கு மறுநாளும். அவள் ஒருநாள் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அன்று அவன் பறக்கவில்லை. வீடு வந்து கட்டிலோரம் அமர்ந்து, அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "நாளைக்கு வந்துடுவல்ல? நீ நின்னாத்தான்..." என்றான். அத்தனை கனிவாக அவன் அவளிடம் பேசியதே இல்லை.

போகாவிட்டால் அந்த முகம் வாடும். போனால் மலரும், ஆனால் அவளுக்காக அல்ல. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, ஒவ்வொரு காலையும் போனாள்.

அவன் திரும்பிப் பார்க்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது. முதலில் ஒரு பார்வை. பிறகு ஒரு மூச்சளவு. இப்போதெல்லாம் முந்நூறடியில் அவன் தலை பின்புறமாகவே இருந்தது. முன்னே பார்ப்பதற்கு அங்கே அவனுக்கு ஒன்றும் இல்லைபோலும். அவள் மனத்துக்குள் அந்த மூன்று வாக்கியங்களையும் அவனுக்காகச் சொல்லுவாள். மூன்றாவதில் நா ஒட்டிக்கொள்ளும்.

இன்று காலையும் காற்றில்லை. தார் மினுமினுத்தது. விமானம் ஓடி, துள்ளி, எழுந்தது. ஐம்பது அடி. நூறு. இருநூறு. கண்ணாடிக்குள் அவன் தலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பிற்று.

அவள் தனியாகத்தான் நின்றாள்.

புதினா மணத்தது.

யாரோ அவள் தோளிலிருந்து ஒரு நூலை எடுத்தார்கள். எடுத்த பின்னும் விரல் ஒரு கணம் அங்கேயே இருந்தது.

மேலே, என்ஜின் ஒருமுறை இருமியது.