சிம்பு நிமிர்ந்தபோது

காற்றே இல்லை. ஆனாலும் மணி அசைந்தது.

மேனாம்பேட்டு வீட்டின் பின்ஜன்னலில் நின்ற பேராசிரியர் தேவராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி அது. தொழிற்பேட்டைச் சங்கு ஊதி ஓய்ந்த அந்தியில், ஈரமண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசனைக்கு நடுவே, மதியம் மனைவி வசந்தாவைப் புதைத்த வேலிப்பக்கத்திலிருந்து அந்த மெல்லிய ஒலி வந்துகொண்டிருந்தது.

விக்டோரியா மகாராணி காலத்து இலக்கியமும் விஞ்ஞானமும்தான் அவர் ஆராய்ச்சி. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று நடுங்கிய அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் சவப்பெட்டியிலிருந்து குழாய் வழியே கயிறு விட்டு, மேலே மணி கட்டிய கதையை ஒருநாள் சுவாரசியமாகச் சொல்லித் தொலைத்தார். வசந்தா வலிப்பில் இரண்டு முறை மூச்சடங்கி மீண்டவள்.

"எனக்கும் அத்தக் கட்டிடுங்க," என்றாள்.

கட்டினார். உறவுக்காரர்கள் முணுமுணுக்க, பெட்டி செய்து மூங்கில் குழாய் நட்டு, வளைத்த மூங்கில் சிம்பின் நுனியில் கயிற்றை இழுத்துக் கட்டி, பூஜை மணியைத் தொங்கவிட்டார். கயிற்றின் மறுமுனையை விரலில் கட்டத்தான் மனம் வரவில்லை. இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியிலேயே முடிந்துவிட்டார். குழியில் இறக்குமுன் அவிழ்க்க வேண்டிய கட்டு அது. அவிழ்க்க வந்தவர்களையும் தடுத்துவிட்டார்.

மறுபடி மணி.

"மாமா, அக்கா கூப்புடுது," என்றாள் மச்சினி நாகம்மா. "மம்பட்டி எடுத்துகினு வா."

"உடம்பு உப்பினா கை நகரும், நாகம்மா. அந்தக் காலத்துலயும் இப்படித்தான் ஏமாந்தாங்க. தோண்டினா ஊரே காறித் துப்பும்."

"மத்தியானம் பொதைச்சது அதுக்குள்ளயா உப்பும்?"

"நம்ம ஊர் புழுக்கத்துல உப்பும்." அவள் உயிரோடு இருந்தால், புதைத்தது அவர்தானே. அந்தப் பயம்தான் அவர் காலைக் கட்டிப்போட்டது.

மணி வேகமாக அடித்தது. விட்டு விட்டு. பிறகு நின்றது.

"பார்த்தியா," என்றார்.



விடிந்ததும் பால் தெளிக்கப் போனார்கள். வளைந்திருந்த சிம்பு நிமிர்ந்து நின்றது. கயிறு மேலே ஏறியிருந்தது. குழாயின் வாயில் அந்தத் துணி. முடிச்சு அப்படியே இருந்தது. துணிதான் அறுந்திருந்தது. ஓரமெல்லாம் பல் தடம்.

தேவராஜ் கையாலேயே மண்ணைத் தோண்டினார்.

பெட்டியைத் திறந்தார்கள். வசந்தா சில்லிட்டுக் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. உதடு கிழிந்திருந்தது. விடுபட்ட வலது கை மட்டும் மேலே தூக்கியபடி. விரல்கள் குழாய்த் துளை இருந்த இடத்தை நோக்கி. கயிற்றைத் தேடி.